வட்டியில்லாக் கூட்டுறவுச் சங்கம்: ஆலிமின் கையெழுத்து மட்டும் போதுமா?

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது. ஒரே ஜமாஅத்தைச் சேர்ந்த முந்நூறு பேர் சேர்ந்து வட்டியில்லாக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கப் போகிறார்கள். எல்லாரும் தெரிந்த முகம். ஷரீஅத் ஆலோசகராக ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்) இருக்கிறார். வட்டிதான் கிடையாதே, பிறகு இடர் மேலாண்மை, நிர்வாகக் கட்டுப்பாடு என்று தனியாக எதற்கு?

வட்டி கிடையாது என்பதால்தான் தேவை. ஆண்டுக்கு 24 சதவீதம் வாங்கும் அடகுக்கடையில் நூறு ரூபாய்க் கடனில் எட்டு ரூபாய் வராமல் போனாலும், மீதிப் பணத்தின் வட்டியே அந்த ஓட்டையை அடைத்துவிடும். கடைக்காரர் கணக்குப் பார்க்காமலேயே பிழைத்துக்கொள்வார். அழகிய கடனில் (கர்ழ் ஹஸன், அசலை மட்டும் திரும்ப வாங்கும் கடன்) எட்டு ரூபாய் போனால் அந்த எட்டும் உறுப்பினர்களின் பங்குத்தொகையிலிருந்துதான் போகும். தாமதத்துக்கு அபராதம் வாங்கினாலும் அது சங்க வருமானம் ஆகாது, தர்மத்துக்குத்தான் போக வேண்டும். நஷ்டத்தை விலையில் ஏற்றிக்கொள்ள வழியில்லாத இடத்தில் மிஞ்சுவது இரண்டுதான்: யாருக்கு எவ்வளவு என்ற வரம்பும், ஒருவர் கையில் எல்லாம் இல்லாத ஏற்பாடும். கீழே வரும் எல்லாமே இந்த இரண்டைப் பற்றியவை.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் இயங்கப் போகிறீர்கள் என்றால் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். வேறு மாநிலத்திலும் உறுப்பினர் சேர்ப்பதென்றால் 2002-ஆம் ஆண்டின் பன்மாநிலக் கூட்டுறவுச் சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் குறைந்தது 50 பேர் கையெழுத்திட வேண்டும். பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக இரண்டாவதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மதுரைக்குள் ஓடும் சங்கத்துக்கு டெல்லியில் பதிவாளர் என்பது நடைமுறைத் தலைவலி. எந்தச் சட்டமானாலும் பெயர்ப் பலகையிலோ பாஸ்புத்தகத்திலோ ‘வங்கி’ என்ற சொல் வரக்கூடாது. ‘இஸ்லாமிய வங்கி’ என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டினால் அன்றைக்கே சிக்கல். உறுப்பினர் அல்லாதவரிடம் வைப்புத்தொகை வாங்கினால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் 2019-இன் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டமும் கதவைத் தட்டும். வங்கி வைப்புக்கு இருக்கும் 5 லட்ச ரூபாய் காப்பீடு கடன் சங்க வைப்புக்கு இல்லை. இதைப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சிடுங்கள்.

அடுத்தது வைப்புத்தொகை. பெரும்பாலான சங்கங்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

முளாரபா முறையில் பணம் போடுபவர் லாபத்தில் பங்கு பெறுகிறார், நஷ்டம் வந்தால் அதையும் அவரே தாங்குகிறார். ஷரீஅத் பார்வையில் இது தெளிவு. ஆனால் இந்தியச் சட்டத்தில் ‘வைப்பு’ என்று ரசீது போட்டுவிட்டால் அது திருப்பித் தரவேண்டிய கடன். “இந்த ஆண்டு நஷ்டம், உங்கள் ஒரு லட்சம் 93 ஆயிரம் ஆகிவிட்டது” என்று சொன்னால் உறுப்பினர் ஆலிமிடம் போகமாட்டார், கூட்டுறவு சார்பதிவாளரிடம் போவார், அல்லது பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போவார். அதைத் தவிர்க்க நிர்வாகக் குழு என்ன செய்யும்? லாபம் வராத மாதத்திலும் போன மாதம் கொடுத்ததையே கொடுக்கும். முதல் மாதம் தலைவர் தன் கையிலிருந்து, இரண்டாம் மாதம் கையிருப்பிலிருந்து, மூன்றாம் மாதம் புதிதாக வந்த வைப்பிலிருந்து. பழையவருக்குப் புதியவர் பணத்தைக் கொடுக்கும் ஆட்டம் திட்டம் போட்டுத் தொடங்குவதைவிட இப்படிக் கூச்சத்தில் தொடங்குவதே அதிகம். 2019 ஜூனில் பெங்களூரில் ஐ மானிட்டரி அட்வைசரி என்ற முதலீட்டு நிறுவனம் சரிந்தபோது ‘ஹலால்’ என்ற சொல்லை நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அது கூட்டுறவுச் சங்கம் அல்ல. ஆனாலும் மாதம் தவறாமல் கைக்கு வந்த ‘லாபம்’ எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் அமைப்பு உள்ளே இருக்கவில்லை என்ற பாடம் எல்லாருக்கும் பொது.

ஆகவே என் பரிந்துரை இது. சேமிப்பு, வைப்பு எல்லாவற்றையும் கர்ழாக, அதாவது உறுப்பினர் சங்கத்துக்குக் கொடுக்கும் கடனாக மட்டும் வாங்குங்கள். முழுத் தொகைக்கும் சங்கம் பொறுப்பு, லாபம் எதுவும் கிடையாது. லாபம் வேண்டும் என்பவர் பங்குத்தொகையில் போடட்டும். பங்கு லாபநஷ்டம் இரண்டையும் ஏற்பதைக் கூட்டுறவுச் சட்டமே ஒப்புக்கொள்கிறது, ஷரீஅத்தும் ஒப்புக்கொள்கிறது. இரண்டும் முட்டாத ஒரே இடம் அதுதான். வைப்பு மெதுவாகத்தான் சேரும். சேரட்டும்.

வைப்பும் வெளிக்கடனும் சேர்ந்து சொந்த நிதியைப்போல் (பங்குத்தொகையும் ஒதுக்கீடும்) பத்து மடங்கைத் தாண்டக்கூடாது என்பது பன்மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பு. புதுச் சங்கத்துக்கு அது மிக அதிகம். முதல் மூன்று ஆண்டுகள் நான்கு மடங்கில் நிறுத்துங்கள். அதே சட்டம் ஆண்டு நிகர லாபத்தில் குறைந்தது 25 சதவீதத்தைக் காப்பு நிதிக்கும், 10 சதவீதத்தை எதிர்பாராத நஷ்டத்துக்கும் ஒதுக்கச் சொல்கிறது. நீங்கள் மாநிலச் சட்டத்தில் பதிந்தாலும் துணை விதியில் இதற்குக் குறையாமல் எழுதிக்கொள்வது நல்லது.

ரொக்க இருப்புக்கு நாள்காட்டி முக்கியம், அதிலும் இரண்டு நாள்காட்டிகள். ஜூனில் பள்ளி திறக்கும்போது எல்லாரும் பணம் எடுப்பார்கள். நோன்பின் கடைசிப் பத்திலும் பக்ரீத்துக்கு முந்தைய இரண்டு வாரத்திலும் அதைவிட அதிகமாக எடுப்பார்கள். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் இந்தச் சுமை ஆண்டுதோறும் முன்னே நகரும். 2024-இல் மார்ச் இரண்டாம் வாரத்தில் தொடங்கிய நோன்பு 2025-இல் மார்ச் தொடக்கத்துக்கே வந்துவிட்டது. “போன மார்ச்சில் இவ்வளவு போதுமாக இருந்தது” என்று செயலாளர் சொன்னால் அந்தக் கணக்கு தப்பு. பிறை மாத வரிசையில் பணம் எடுப்புப் பதிவேடு ஒன்று தனியாக வைத்திருங்கள். சாதாரண மாதத்தில் வைப்பில் 20 சதவீதம், நோன்புக்கு முந்தைய மாதமான ஷஅபான் தொடங்கியதும் 30 சதவீதம் வங்கியின் நடப்புக் கணக்கில் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மத்தியக் கூட்டுறவு வங்கியில் கட்டாயமாக வைக்கும் பணத்துக்கு வட்டி வரும். அதைத் தனிப் பேரேட்டில் ஏற்றி தர்மத்துக்கு அனுப்புங்கள், லாபநஷ்டக் கணக்குக்குள் விடாதீர்கள். வங்கிக்கு ரிசர்வ் வங்கி இருக்கிறது. உங்களுக்கு அவசரத்தில் கைகொடுக்க யாரும் கிடையாது.

கடன் பக்கம் வருவோம். அழகிய கடனுக்குச் சேவைக் கட்டணம் வாங்கலாமா என்றால், உண்மையான செலவு வரை வாங்கலாம் என்று 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி (இஸ்லாமியச் சட்ட அறிஞர் மன்றம்) சொல்லியிருக்கிறது. பிரச்சினை அதைக் கணக்கிடும் விதத்தில் வருகிறது. கடன் பிரிவின் ஆண்டுச் செலவு (சம்பளம், வாடகை, அச்சு, தணிக்கை) 4,80,000 ரூபாய், சராசரி நிலுவை 60 லட்சம் என்று வையுங்கள். இதை அதால் வகுத்து “8 சதவீதம் சேவைக் கட்டணம்” என்று பலகையில் எழுதினால், தொகையோடும் காலத்தோடும் ஏறும் அந்த எட்டு, பார்ப்பதற்கும் நடப்பதற்கும் வட்டியேதான். ஆண்டுக்கு 1,200 கடன் கொடுக்கிறீர்கள் என்றால் கடன் ஒன்றுக்கு 400 ரூபாய். 5,000 வாங்குபவருக்கும் 50,000 வாங்குபவருக்கும் அதே 400 என்பது சின்னவரை வதைக்கும். எனவே வேலையைப் பிரித்து விலை போடுங்கள்: விண்ணப்பமும் விசாரணையும் இவ்வளவு, நகை மதிப்பீடு இவ்வளவு, தவணை வசூலுக்கு நேரில் போவது இவ்வளவு. ஆண்டு முடிவில் வசூலானது செலவைவிட அதிகம் என்றால் மிச்சம் லாபம் அல்ல. அடுத்த ஆண்டுக் கட்டணம் குறைய வேண்டும். இந்த ஒரு கணக்கை ஆலோசகர் கட்டாயம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

நகையை ஈடாக வாங்கினால் (ரஹ்ன்) பாதுகாப்புக் கட்டணம் எடைக்கும் காலத்துக்கும் ஏற்ப இருக்கலாம், கடன் தொகைக்கு ஏற்ப இருக்கக்கூடாது. கல், அரக்கு, மெழுகு எடையைக் கழித்த நிகர எடைக்கே மதிப்பு. 65 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். வட்டி சேராததால் நிலுவை ஏறாது, அது உங்களுக்குச் சாதகம். அதனாலேயே நகையை மீட்க உறுப்பினருக்கு அவசரமும் இருக்காது, அது பாதகம். முடிவுத் தேதியும் ஏல விதியும் முதல் நாளே கையெழுத்தாகட்டும். ஏலத்தில் மிஞ்சும் தொகை உறுப்பினருடையது. மதிப்பிடுபவர், பையை முத்திரையிடுபவர், பெட்டகச் சாவி வைத்திருப்பவர் மூவரும் வேறு வேறு ஆட்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளி மதிப்பீட்டாளரைக் கொண்டு பத்தில் ஒரு பையைப் பிரித்து உரசிப் பாருங்கள். கவரிங் நகை பெரும்பாலும் பழகிய கை வழியாகத்தான் உள்ளே வரும். தக்காஃபுல் (இஸ்லாமிய முறைக் காப்பீடு) இங்கே கிடைப்பதில்லை, பெட்டகத்துக்கு வழக்கமான காப்பீடுதான் எடுக்க வேண்டியிருக்கும். அது நிர்ப்பந்தம் என்பதை ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். நகை களவு போன பிறகு ஃபத்வா தேடக்கூடாது.

முராபஹாவில் (சங்கம் பொருளை வாங்கி, அடக்க விலையையும் லாபத்தையும் சொல்லி உறுப்பினருக்கு விற்பது) கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் இதில் இடர் முழுவதும் இரண்டு தேதிகளுக்கு நடுவில் இருக்கிறது. நெல்பேட்டையில் மாவுக்கடை வைத்திருக்கும் உறுப்பினருக்கு 42,000 ரூபாய் கிரைண்டர் வேண்டும். அவர் கடையின் விலைப்புள்ளியோடு விண்ணப்பம் தருகிறார், வாங்கிக்கொள்வதாக வாக்குறுதி எழுதுகிறார். சங்கம் தன் பெயரில் பில் போட்டு, பணத்தை நேராக விற்பவர் கணக்குக்கு அனுப்பி, பொருளைத் தன் பொறுப்பில் எடுக்கிறது. அதன் பிறகுதான் இரண்டாவது ஒப்பந்தம்: அடக்கம் 42,000, லாபம் 5,040, மொத்தம் 47,040, பன்னிரண்டு தவணை, தவணைக்கு 3,920. வரிக் கணக்கு தனி. முதல் பில்லுக்கும் இரண்டாம் ஒப்பந்தத்துக்கும் நடுவே கிரைண்டர் லாரியிலிருந்து விழுந்து உடைந்தால் நஷ்டம் சங்கத்துடையது. அந்தப் பொறுப்புக்குத்தான் 5,040 ஹலால் ஆகிறது. பொறுப்பே ஏற்காமல் லாபம் மட்டும் வாங்கினால் அது வேறு பெயரில் வட்டி.

நடைமுறையில் என்ன நடக்கிறது? அலுப்பில் 42,000-ஐ உறுப்பினர் கையிலேயே கொடுத்து “பில்லைக் கொண்டு வந்து கொடுங்கள் பாய்” என்று சொல்லிவிடுவார்கள். பணம் மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கும், பில் மச்சான் கடையிலிருந்து வரும். ஷரீஅத் மீறலும் கடன் மோசடியும் ஒரே காகிதத்தில் முடிந்துவிடும். தணிக்கையில் நான்கைப் பார்த்தால் பிடித்துவிடலாம். பில் தேதி விற்பனை ஒப்பந்தத்துக்கு முந்தியதா? பணம் விற்பவர் கணக்குக்குப் போனதா? விற்பவர் உறுப்பினரின் உறவா? பொருளின் வரிசை எண் நேரில் பார்த்ததோடு ஒத்துப்போகிறதா?

உறுப்பினர் கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்றால் பொருள் சங்கத்தின் தலையில். இதற்கு இரண்டு காப்பு. விற்பவரிடம் ஏழு நாள் திருப்பித் தரும் உரிமையோடு வாங்குவது ஒன்று. உறுப்பினரிடம் முன்பணம் வாங்கிவைத்து, பொருளை வேறிடத்தில் விற்றதில் வந்த உண்மையான நஷ்டத்தை மட்டும் அதில் கழிப்பது இன்னொன்று. தவணை தவறினால் 47,040 ஒரு ரூபாய்கூட ஏறாது. முன்னதாகக் கட்டினால் தள்ளுபடி தரலாம், ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதக்கூடாது. இவ்வளவும் செய்யத் துணை விதியில் ‘உறுப்பினர்களுக்குப் பொருள் வாங்கி விற்பது’ நோக்கமாக இருக்க வேண்டும். விற்றுமுதல் வரம்பைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கடன் வழங்குவதற்கு உள்ள வருமானவரிக் கழிவு இந்த வியாபார லாபத்துக்கும் உண்டா என்பதை முதல் ஆண்டே பட்டயக் கணக்காளரிடம் எழுத்தில் கேளுங்கள். கடனோ வைப்போ, 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறக் கூடாது.

வரம்புகள் இப்படி இருக்கலாம். ஒரு குடும்பத்துக்கு (கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் ஒரே அலகு) சொந்த நிதியில் 5 சதவீதத்துக்கு மேல் நிலுவை கூடாது. ஒரே தொழிலுக்கு 25 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஒரே தெரு, ஒரே சம்பந்தி வட்டம், ஒரே வியாபாரம் என்று இருக்கும் உங்கள் சங்கத்தில் நஷ்டம் ஒவ்வொன்றாக வராது, சேர்ந்து வரும். ஜாமீன் பதிவேடு தனியாக வேண்டும். ஒருவர் இருவருக்கு மேல் ஜாமீன் நிற்கக்கூடாது. காதருக்கு ரஹீம், ரஹீமுக்குக் காதர் என்று வட்டமாக நிற்பதைப் பெயர் வரிசையில் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். பழைய கடன் அடைந்த ஏழு நாளுக்குள் அதே ஆளுக்குப் புதுக்கடன் என்றால் சிவப்பு மையில் குறியுங்கள், பாக்கியைப் பாக்கியால் மூடும் வேலை அது. 90 நாள் தவறினால் நிலுவையில் 10 சதவீதம், 180 நாளில் 25, ஓராண்டில் 50, இரண்டாண்டில் முழுவதும் நஷ்டத்துக்கென்று ஒதுக்கீடு.

கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அல்பகரா 280-ஆம் வசனம். இருந்தும் கட்டாதவருக்கு அது பொருந்தாது. இந்த இருவரையும் பிரிப்பது தலைவரின் மனசாட்சிக்கு விடும் வேலையல்ல. மூவர் குழு வீட்டுக்குப் போய்ப் பார்த்து ஒரு பக்கம் எழுதட்டும், அவகாசம் மூன்று மூன்று மாதமாக இரண்டு முறை. ஜும்ஆவுக்குப் பிறகு மைக்கில் பாக்கிதாரர் பெயரை வாசிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். வழக்காகும், ஜமாஅத்தும் இரண்டாகும்.

கடைசியாக, யார் எந்த நாற்காலியில் என்பது. கடன் அனுமதிப்பவர், ஹலால் என்று சொல்பவர், பணத்தை எண்ணுபவர் மூவரும் ஒருவருக்கு ஒருவர் கட்டுப்படாதவர்களாக இருக்க வேண்டும். ஷரீஅத் ஆலோசகரைப் பொதுப்பேரவை நியமிக்கட்டும், நீக்குவதும் பொதுப்பேரவையே. அவர் சங்கத்தில் கடன் வாங்கக்கூடாது, ஒப்பந்தத்துக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலியும் கூடாது. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு விதி வகுக்கும், பஹ்ரைனிலிருந்து இயங்கும் ஆயோஃபி அமைப்பின் தரநிலை குறைந்தது மூன்று அறிஞர் வேண்டும் என்கிறது. சின்னச் சங்கத்துக்கு அது பாரம், நாலைந்து சங்கங்கள் சேர்ந்து மூவரை வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை “எல்லாம் சரி” என்று எழுதுவது ஆலோசனை அல்ல. காலாண்டுக்கு முப்பது கோப்புகளை அவரே குலுக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். மலேசியாவில் மத்திய வங்கிக்குள்ளேயே 1997 முதல் ஷரீஅத் ஆலோசனைக் குழு இருக்கிறது, தகராறில் எழும் ஷரீஅத் கேள்வி அங்கே போகும். இங்கே தகராறு தமிழ்நாடு கூட்டுறவுச் சட்டத்தின் 90-ஆம் பிரிவுப்படி பதிவாளரிடம் போகும். அவர் முராபஹாவைப் பார்க்கமாட்டார், பத்திரத்தைப் பார்ப்பார். மலேசியாவிலிருந்து எடுத்துவந்த படிவத்தை அப்படியே நகலெடுத்தால் இங்கே நிற்காது.

பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியே சங்கத் தலைவர் என்றால் பொதுப்பேரவையில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், ஆகவே இருவரும் வேறாக இருக்கட்டும். பள்ளிவாசல் கணக்கும் சங்கக் கணக்கும் ஒரே அலமாரியில்கூட வேண்டாம். ஸக்காத் எட்டு வகையினருக்கு உரியது, அதைக் கடன் முதலாகச் சுழற்றாதீர்கள். தர்மத்துக்கு ஒதுங்கும் தாமதத் தொகையும் தவறான லாபமும் போகும் கணக்கை நிர்வாகக் குழு உறுப்பினர் யாரும் தன் பெயரில் விநியோகம் செய்யக்கூடாது. தினசரிச் சேமிப்பு வசூலிப்பவரின் பாதையை நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாதம் பத்தில் ஒரு பாஸ்புத்தகத்தை, அவருக்குச் சொல்லாமல், வேறொருவர் வீட்டுக்கே போய்ப் பேரேட்டோடு ஒப்பிடட்டும். தவறு முற்றினால் தமிழ்நாடு கூட்டுறவுச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு விசாரணையும், நஷ்டத்தை நிர்வாகிகள் சொத்திலிருந்து மீட்கும் 87-ஆம் பிரிவும் இருக்கின்றன. பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் முதல் கூட்டத்திலேயே அதைப் படித்துக் கையெழுத்திடட்டும்.

முதல் ஆறு மாதம் சேமிப்பும் 10,000 வரையிலான அழகிய கடனும் போதும். பிறகு நகை ஈடு, ஓராண்டு கழித்து முராபஹா. முஷாரகா (சங்கமும் முதல் போட்டு லாபநஷ்டத்தில் கூட்டாவது) கேட்டு வருபவரின் வியாபாரக் கணக்கை உங்களால் படிக்க முடியாதவரை அதைத் தொடாதீர்கள். நெல்லுக்கு முன்பணம் கொடுக்கும் ஸலமும் இப்போதைக்கு வேண்டாம். மேலூர் கடைமடை, பெரியாற்றுத் தண்ணீர் திறக்கும் தேதி தள்ளிப்போனால் நெல்லும் வராது, உங்கள் பணமும் வராது.